வாய்க்காலை விட்டு ஆற்றுக்கு

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றும் வார்டுகளில் அடிக்கடி கேட்கிற சொல், "நரம்பு கிடைக்கலை." நாம் நரம்பு என்று சொல்வது சிரையை; இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய் அது. சில சுற்று மருந்து ஏறியதுமே புறங்கைச் சிரைகள் கறுத்துக் கயிறாக இறுகிவிடலாம். அங்கேதான் பிக் லைன் கைகொடுக்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு குடம் சாயத்தை வயல் வாய்க்காலில் கொட்டினால் மடை முழுக்க நிறம் மாறும். வெள்ளம் போகிற கொள்ளிடத்தில் கொட்டினால் தடமே இருக்காது. புறங்கைச் சிரையில் நிமிடத்துக்குச் சில பத்து மில்லி ரத்தம்தான் ஓடுகிறது. இதயத்துக்கு மேலுள்ள மேற்பெருஞ்சிரையிலோ சுமார் 2 லிட்டர்! மேற்கையின் உட்புறத்தில் நுழையும் பிக் லைன் என்கிற மெல்லிய குழாய், தோள் வழியாக ஏறி, அந்தப் பெருவெள்ளத்தில் நுனியை வைக்கிறது. மாதக்கணக்கில் அங்கேயே இருக்கலாம்.

இப்படி நீர்த்துப்போவது ஏன் அவசியம்? வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்து சிறிய சிரையிலிருந்து கசிந்தால் சுற்றியுள்ள தசையே வெந்து புண்ணாகும். அந்த வின்கிரிஸ்டின் வருவது நித்தியகல்யாணியிலிருந்து. கடலூர்ப் பக்கத்து மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற, சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்குகிற அதே செடி. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

கை வழியாக இதயத்தை எட்டலாம் என்று முதலில் காட்டியவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் தன் கைச் சிரையிலேயே 65 செ.மீ. குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

குழாயோடு வாழ்வது பெரும்பாலும் சின்னச் சின்ன கவனம்தான். வாரம் ஒருமுறை டிரஸ்ஸிங் மாற்றி, சலைன் செலுத்திக் கழுவ வேண்டும். அதற்கு 10 மில்லி சிரிஞ்சு வேண்டும். சிறிய சிரிஞ்சில் அதே விரல் அழுத்தம் பல மடங்காகிக் குழாயைக் கிழித்துவிடக்கூடும். விட்டுவிட்டுத் தள்ளுவார்கள், உட்சுவரில் ஒட்டியதெல்லாம் சுழன்று வெளியேற. அக்னி நட்சத்திர வியர்வையில் ஒட்டு விளிம்பு எழும்பினால் வாரம் முடியக் காத்திருக்கக் கூடாது. அன்றே மாற்ற வேண்டும். குளிக்கும்போது உறை போட்டுக்கொள்ளலாம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போனால் கரையில் நின்று கும்பிட்டால் போதும், கடலில் முங்க வேண்டாம். குழாய் உள்ள கையில் தண்ணீர்க் குடம் வேண்டாம், ரத்த அழுத்தமும் பார்க்கக் கூடாது. ஆனால் கையை மடக்கி வைத்தே இருப்பதும் தப்பு. சாப்பிடுங்கள், எழுதுங்கள், தலை வாருங்கள். அசைவில்தான் ரத்தம் நன்றாக ஓடும்.

புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னையிலோ கீமோ எடுக்கும் சிதம்பரத்துக்காரர், பத்து நிமிடக் கழுவலுக்காக வாராவாரம் பேருந்து ஏறினால் ஒரு நாள் கூலி போகும், உடம்பும் தாங்காது. இந்த வேலை பயிற்சி பெற்ற செவிலியர் கையில், உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே நடக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போதே கழுவும் முறையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கை வீங்கினாலும், குழாய் நுழையும் இடம் சிவந்தாலும் உடனே காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் சரி, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போய், "கீமோ ஓடுது, கையில் பிக் லைன் இருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.