குறைந்த செலவில் கார்ப் பந்தயம்

"ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க" என்பார்கள். கார்ப் பந்தயம் என்றதும் நாமும் அப்படித்தான் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அது செல்வர்களுக்கு மட்டுமே உரியதன்று.

1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு முதலில் சொந்தப் பாதை இல்லை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்திலேயே பந்தயம் நடத்தினார்கள். 1990-இல்தான் இருங்காட்டுக்கோட்டைப் பாதை அமைந்தது.

கோவை எஸ்.கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். உதிரிப் பாகங்கள் உள்ளூரிலேயே கிடைத்ததால் செலவு குறைந்தது. அதில் பந்தயம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

நாம் எப்படித் தொடங்குவது? முதலில் சொந்தக் கார் வேண்டாம். 'கோ-கார்ட்' என்னும் சிறு வண்டியை வாடகைக்கு ஓட்டி, வளைவில் திரும்பவும் சரியான இடத்தில் பிரேக் பிடிக்கவும் பழகலாம். பிறகு முறையான பயிற்சியும் பந்தய உரிமமும் பெற வேண்டும். பழைய காரை வாங்கினால் அதன் பராமரிப்பை நாமே கற்றுக்கொள்ளலாம். டயருக்குத் தனியே பணம் ஒதுக்க வேண்டும். தலைக்கவசத்திலும் இருக்கைப் பட்டையிலும் மட்டும் சிக்கனம் கூடாது.

காரைக்கால் கடற்கரைச் சாலையில் வண்டியில் பறக்கும் அண்ணன்மாரே! சாலை பந்தயப் பாதையன்று; அங்கே குழந்தைகள் நடக்கிறார்கள். வீட்டில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேகத்துக்கு உரிய இடம் உண்டு. அங்கே சென்று வெல்லுங்கள். நாங்களும் வருகிறோம், கை தட்ட மட்டுமல்ல, ஓட்டவும்!