தண்ணீர் வழிவிடும் வெளிச்சம்

பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் வைத்தவர்களுக்குத் தெரியும்: ஒரு சொட்டு சஃப்ரனின் விட்டால்தான் உட்கரு பளிச்சென்று தெரியும். செல்லின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். மிச்சமுள்ள புரதமும் கொழுப்பும்கூட ஒளியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அதனால்தான் சாயம். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காக, செல்லை உலர்த்தி, பிசினில் பதித்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, கன உலோகமும் ஏற்றினார்கள்.

சாயமும் வேண்டாம், அரியவும் வேண்டாம் என்ற வழியைத் திறந்தது மென் எக்ஸ் கதிர். எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ் கதிரின் ஆற்றலில் இது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. இதில் 2.3 முதல் 4.4 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்துக்கு ‘நீர்ச் சாளரம்’ என்று பெயர். ஆக்சிஜன் அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்க 543 எலக்ட்ரான் வோல்ட் தேவை. கார்பனுக்கு 284 போதும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆற்றலுள்ள கதிரை ஆக்சிஜன் பெரிதாக உறிஞ்சாது, கார்பன் விடாது. தண்ணீர் வழிவிட, புரதமும் கொழுப்பும் டி.என்.ஏ.வும் தத்தம் நிழலைத் தாமே வரைந்துகொள்கின்றன. இயற்கை நமக்காகவே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்ததுபோல!

ஆனால் கண்ணாடி வில்லை இந்தக் கதிரைக் குவிக்காது. அதற்குப் பதில், நூற்றுக்கணக்கான மெல்லிய உலோக வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தகடு. வெளிவளையத்தின் அகலம் சில பத்து நானோமீட்டர்தான். ஜெர்மனியின் கோட்டிங்கனில் குந்தர் ஷ்மால் குழுவினர் 1970களிலேயே இதில் இறங்கினார்கள்.

அமெரிக்காவின் பெர்க்லியில் கரோலின் லாரபெல் குழு செய்ததைப் பாருங்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கண்ணாடிக் குழாயில் செல்களை நிரப்பி, பனிப்படிகம் உருவாக இடம் கொடுக்காமல் நொடியில் உறைய வைத்து, குழாயை மெல்லச் சுழற்றிப் படமெடுக்கிறார்கள். கோணத்துக்கொரு படமாக எடுத்ததைக் கணினி முப்பரிமாணமாகக் கோக்கும், சி.டி. ஸ்கேன் மாதிரியே. சுமார் 50 நானோமீட்டர் வரை துலங்கும். எலியின் மோப்ப நரம்பு செல் முதிர முதிர, உட்கருவுக்குள் குரோமாட்டின் எப்படி இறுகி இடம் மாறுகிறது என்பதை அறுக்காமலே கண்டார்கள்.

ஏன் உறைய வைக்க வேண்டும்? இப்படி ஒரு படத்துக்குச் செல் வாங்கும் கதிர்வீச்சு மில்லியன் கிரேயைத் தொடும். மனித உடல் முழுக்க ஐந்து கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து. உறைந்த செல் சிதையாமல் தாங்கும்; உயிருள்ள செல் தாங்காது. உயிரோடு பார்க்க வேண்டுமானால், சாவு வந்து சேர்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

அந்த வேகம் எக்ஸ் கதிர் லேசருக்கு உண்டு. 2015இல் வெளியான ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு லேசரின் பாதையில் உயிருள்ள சயனோபாக்டீரியாக்களைப் பீய்ச்சி, ஒரு செல்லுக்கு ஒரே துடிப்பு என்று பதிவு செய்தார்கள். 2024இல் ஜப்பானின் சாக்லா லேசரில், வளைவுக் கண்ணாடிகளைக் கொண்டு பாலூட்டிகளின் உயிருள்ள செல்களையே ஒற்றைத் துடிப்பில் படமெடுத்தார்கள். அத்தகைய துடிப்பு நீடிப்பது ஒரு சில பத்து பெம்டோ நொடிகள். 30 பெம்டோ நொடியில் ஒளியேகூட 9 மைக்ரான்தான் நகர்ந்திருக்கும்: ஒரு ரத்தச் சிவப்பணுவை இப்போதுதான் கடந்திருக்கும்.