ஸ்கிரீன் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் ஆரம்பித்துவிட்டால் டீ சேர்ட் அச்சிடும் கடைகளில் இரவு பகல் பாராது வேலை நடக்கும். தொடர்ந்து கழகங்களின் சுற்றுப்போட்டிகள், மதரஸாக்களின் விழாக்கள், நிறுவனங்களின் சீருடைகள் என ஓடர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மேசை, நான்கைந்து ஸ்கிரீன்கள், ஒரு ஹீட் பிரெஸ் இருந்தால் வீட்டின் முன்னறையிலேயே தொடங்கிவிடக்கூடிய தொழில் இது. நமது இளைஞர்கள் பலர் இதன் மூலம் ஹலாலான வருமானம் தேடிக்கொள்வது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால், வேலை முடிந்ததும் கழுவப்படும் ஸ்கிரீன்களிலிருந்து வழியும் அந்த வர்ணத் தண்ணீர் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

பெரும்பாலும் பின்வளவு மண்ணுக்கு, இல்லையேல் வீதியோர வடிகானுக்கு. மட்டக்களப்பு தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோரம் மணற்பாங்கானது. ஊற்றிய தண்ணீர் தேங்கி நிற்காமல் கீழே இறங்கி நிலத்தடி நீருடன் கலந்துவிடும். காத்தான்குடி போன்று வீடுகள் நெருங்கியிருக்கும் ஊர்களில் நாம் கழுவும் இடத்துக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இடையே ஒரு மதில்தான் இருக்கிறது.

மையில் என்ன இருக்கிறது?

டீ சேர்ட் அச்சுக்குப் பயன்படும் மைகள் பிரதானமாக இரு வகைப்படும். ஒன்று, பிளாஸ்டிசோல். பீ.வீ.சீ. எனும் பிளாஸ்டிக்கை இளக்கும் திரவத்தில் கலந்து செய்யப்படுவது. ஏறக்குறைய 160 பாகை செல்சியஸ் வெப்பத்தில்தான் இது இறுகும். இதில் சேர்க்கப்பட்டு வந்த தாலேட் வகை இளக்கிகள் சிலவற்றை, உடலுக்குத் தீங்கானவை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் நுகர்வுப் பொருட்களில் கடுமையாக மட்டுப்படுத்தியுள்ளது. மற்றையது நீர் கலந்த மை. 'தண்ணீர் மைதானே, கானில் ஊற்றினால் என்ன?' என்று நினைப்பது தவறு. அதிலும் நிறப்பொடியும் பசையும் வேறு இரசாயனங்களும் உள்ளன.

இவற்றை விடவும் கவனிக்க வேண்டியது, ஸ்கிரீனில் படம் எடுக்கப் பயன்படும் பைக்குரோமேட். மஞ்சள், செம்மஞ்சள் நிறத்திலான இந்த உப்பு புற்றுநோயை உண்டாக்கக்கூடிய குரோமியம் வகையைச் சேர்ந்தது. இன்னும் இதை வெறுங்கையால் கலக்குபவர்கள் இருந்தால் இன்றே நிறுத்திக்கொள்வது நல்லது. டயசோ வகை இமல்ஷன்களும் கலக்காமலே பூசக்கூடிய தயார் இமல்ஷன்களும் உள்ளன. விலை சற்றுக் கூடினாலும் ஊழியரின் உடல் நலத்துக்கு அது ஈடாகாது.

திருப்பூர் தரும் பாடம்

ஆடைத் தொழிலால் செழித்த தமிழ்நாட்டின் திருப்பூரில் சாய ஆலைகளின் கழிவு பல வருடங்களாக நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறுகளும் பாழாகின. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றன. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டனர்.

நமது கடைகள் அந்தளவு பெரியவை அல்ல என்பது உண்மை. ஆனால் திருப்பூரிலும் பாதிப்பு ஒரு ஆலையால் மட்டும் வரவில்லை. பலரது கழிவு ஒன்றுசேர்ந்தே ஆற்றைக் கெடுத்தது.

இலாபமும் இதில்தான் இருக்கிறது

சுற்றாடலைப் பாதுகாப்பது வசதி படைத்தவர்களின் வேலை என்று ஒதுங்கத் தேவையில்லை. பெரும்பாலான வழிகள் நமது செலவையும் குறைப்பவையே. 2022 இல் டொலர் நெருக்கடியின்போது இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியது என்பதை எவரும் மறந்திருக்க முடியாது. கானில் போகும் ஒவ்வொரு கரண்டி மையும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

முதலில், கழுவுவதற்கு முன் ஸ்கிரீனிலுள்ள மையை மட்டையால் நன்றாக வழித்து டின்னில் சேருங்கள். பிளாஸ்டிசோல் சாதாரண வெப்பத்தில் காயாது. எனவே மீண்டும் பாவிக்கலாம். மிஞ்சிய பல நிறங்களைக் கலந்தால் கருமையான மை கிடைக்கும், அதை மாதிரி அச்சுக்கு எடுக்கலாம். எஞ்சியிருப்பதைத் துணியால் துடைத்த பின்னரே கழுவ வேண்டும். தின்னர், மண்ணெண்ணெய் தோய்ந்த துணிகளை மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். தீ விபத்தும் தவிரும்.

இரண்டாவது, கழுவும் நீரை நேரே வெளியே விடாமல் சீமெந்தால் பூசிய இரண்டு மூன்று அறைகள் கொண்ட சிறு தொட்டியில் விடுங்கள். மண்டி அடியில் தங்கும். தெளிந்த நீரை அடுத்த முறை முதற் கழுவலுக்கு எடுக்கலாம். ஆனால் கரைந்துள்ள இரசாயனம் தொட்டியில் தங்காது. ஆகவே பைக்குரோமேட்டைக் கைவிடாமல் தொட்டி மட்டும் கட்டிப் பயனில்லை. மண்டியையும் பீ.வீ.சீ. துண்டுகளையும் வளவில் போட்டு எரிக்கவும் கூடாது. அந்தப் புகை நஞ்சு.

மூன்றாவது, பிழையான அச்சைக் குறையுங்கள். ஒரு பருத்தி டீ சேர்ட்டுக்கான பருத்தியை விளைவிப்பது முதல் ஆடையாக்குவது வரை சுமார் 2,700 லீற்றர் நீர் செலவாகிறது எனக் கணிக்கப்பட்டுள்ளது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அளவில் ஒரு தவறு, அவ்வளவும் வீண். வேலையைத் தொடங்குமுன் ஒரு மாதிரி அச்சிட்டு, பெயர்ப் பட்டியலிலும் அளவுப் பட்டியலிலும் வாடிக்கையாளரின் கையொப்பத்தைப் பெறுங்கள். 100 சேர்ட்டுக்கு 5 பழுதானால் பல ஓடர்களில் இலாபம் அதிலேயே போய்விடும்.

நான்காவது, ஹீட் பிரெஸ்ஸைக் காலை முதல் மாலை வரை சூடாக வைத்திராமல் வேலைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் முடியுங்கள். மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு சேர்ட்டையும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் இடுவதையும் தவிர்க்கலாம். ஒரு பாடசாலைக்குப் போகும் ஓடருக்கு ஓர் அட்டைப் பெட்டி போதும்.

சட்டமும் மார்க்கமும்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் அவசியம். உங்கள் தொழில் அதில் அடங்குகிறதா என்பதைப் பிரதேச சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ கேட்டறிந்து கொள்ளுங்கள். அயலவர் முறைப்பாடு செய்து அதிகாரிகள் வரும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

வுழூச் செய்யும்போது கூட நீரை விரயமாக்குவதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது. அயலவரின் உரிமையை நபி (ஸல்) அவர்கள் எந்தளவு வலியுறுத்தினார்கள் என்பதும் நாம் அறிந்ததே. பக்கத்து வீட்டார் குடிக்கும் கிணற்றைக் கெடுத்துச் சம்பாதித்த பணத்தில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? இன்று கடையை மூடுமுன் ஒருமுறை பின்வளவுக்குச் சென்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மாற்றத்தை அங்கிருந்தே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.