ஓடுவோர் நாடியும் தலைச்சுற்றும்

கல்லூரி மைதானத்தை ஆசிரியர் கட்டளைக்கு அஞ்சிச் சுற்றியோடிய நாம், இன்று வைத்தியர் சொல்லுக்கு அஞ்சி வீதியில் ஓடும் பருவத்தை அடைந்துவிட்டோம். வைத்தியத் தொழிலிற் காலங்கழித்த நாம் இம்மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பணிக்கப்பட்டபோது, அண்மையில் நம்மிடம் வந்த ஒரு வினாவே நினைவிற்கு வந்தது.

வினவியவர் நம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்ற அன்பர், வங்காலையில் வசிப்பவர், ஐம்பதைக் கடந்தவர். வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில், வட ஆசியாவிலிருந்து வந்திறங்கும் நீர்ப்பறவைகளைப் பார்த்தவண்ணம் மூன்று கிலோமீற்றர் ஓடுவார். ஒருநாள் மணிக்கட்டிற் கைவைத்து எண்ணியபோது, நிமிடத்திற்கு 44 துடிப்பே இருந்தது. படுக்கையை விட்டு எழும்போதும், ஓடி நின்றவுடனும் கண் இருண்டு தலை சுற்றியது. “ஓட்டத்தை விட்டுவிடும்” என்றனர் சிலர். “இது வீரருக்குரிய நாடி, அஞ்சற்க” என்றனர் வேறு சிலர். இருசாராரும் ஆராயாது கூறினர் என்க.

வளர்ந்தோர் இருதயம் ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடித்தல் வழக்கம். துடிப்பொன்றுக்கு 70 மில்லிலீற்றர் குருதியை வெளித்தள்ளும் இருதயம், 70 முறை துடித்தால் ஏறக்குறைய ஐந்து லீற்றரை அனுப்புகின்றது. நெடுங்காலப் பயிற்சியால் அறைகள் விரிந்த இருதயமோ, துடிப்பொன்றுக்கு 110 மில்லிலீற்றரை அனுப்புமாயின், 45 துடிப்பிலேயே அவ்வைந்து லீற்றரை நிறைவேற்றிவிடும். பனிச்சறுக்கு வீரரின் இருதயம் பெருத்திருத்தலைச் சுவீடன் நாட்டு வைத்தியர் என்சென் 1899 இலேயே, மார்பைத் தட்டிப்பார்த்துக் கண்டறிந்தார். துவிச்சக்கரவண்டி வீரர் மிகுவேல் இந்துரைனின் ஓய்வுநாடி 28 எனச் சொல்லப்படுவதுண்டு.

துடிப்பைத் தாழ்த்துவது வேகசு நரம்பு என்பது பழைய கொள்கை. அரிப்புக் கடலில் முத்துக்குளித்தோர் மூச்சடக்கி மூழ்கியபோது அவர்தம் இருதயம் மெதுவாகியதும் அந்நரம்பின் செயலே. ஆயின், 2014 இல் மான்செஸ்ரர் ஆய்வாளர் எலிகளைப் பயிற்றுவித்து ஆராய்ந்தபோது, நரம்பின் செல்வாக்கைத் தடுத்த பின்னரும் துடிப்பு தாழ்ந்தே இருந்தது. துடிப்பைத் தொடக்கிவைக்கும் கணுவே பயிற்சியால் மாறியிருந்தது.

இனி நம் அன்பரிடம் வருவோம். வாரத்திற்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடுவதால் நாடி ஐந்தோ பத்தோ குறையலாம். 44 வரை இறங்குதல் அரிது. அவருடைய பழைய குறிப்பேட்டைப் புரட்டுவித்தோம். ஓடத்தொடங்கிச் சில மாதங்களின் பின்னர் நாடி 62 ஆக இருந்தது. அதன்பின் நிகழ்ந்தது யாது? இரத்த அழுத்தத்திற்கென அற்றனோலோல் மாத்திரை தொடங்கப்பட்டிருந்தது! இருதயத் துடிப்பைத் தாழ்த்துதல் அம்மருந்தின் இயல்பு. அதைப்பற்றி அவர் எவரிடமும் கூறவில்லை. மாத்திரையும் ஓட்டமும் அவர் மனத்தில் வெவ்வேறு பெட்டிகளில் இருந்தன போலும்.

தலைச்சுற்றுக்கு வேறு துணைக்காரணங்களும் இருந்தன. ஓடுங்கால் கெண்டைத் தசைகள் குருதியைப் பிழிந்து மேலே அனுப்புகின்றன. சட்டென நின்றால் அது கால்களிலே தேங்கும். மூளைக்குச் செல்வது குறையும். மன்னார்ப் பகுதியின் வெயிலில் வியர்த்து, நீர் அருந்தாது நிற்பவருக்கு இது இன்னும் எளிதில் நேரும். படுத்திருக்கையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடத்தினுள்ளும் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். மேலழுத்தம் 20 அலகோ கீழழுத்தம் 10 அலகோ வீழின் அது குறிப்பிடத்தக்கது. அன்பருக்கு மேலழுத்தம் 24 அலகு வீழ்ந்தது.

மின்னிருதய வரைபும் எடுப்பித்தோம். கணுவிலிருந்து புறப்படும் கட்டளை வழியில் தடைப்படவில்லை. தைரொயிட்டுச் சுரப்புக் குறைந்தாலும் நாடி தாழுமாதலின் அதையும் பார்த்தோம், குறையில்லை. அவருடைய வைத்தியர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்று கொடுத்தார். இவ்வகை மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்துதல் மாரடைப்புக்கும் இடந்தரும் என்பதை அழுத்திக் கூறுகின்றோம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுதல், நெஞ்சுநோவு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், உழைத்தபோதும் நாடி ஏறாதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உளதாயின், ஓட்டத்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். பயிற்சியால் தாழ்ந்த நாடி, படியேறினால் விரைந்து ஏறும். நோயால் தாழ்ந்தது பெரும்பாலும் ஏறத் தயங்கும்.

அன்பர் இப்பொழுது ஓடி முடிந்தபின் பத்து நிமிடம் நடக்கிறார். போத்தலில் நீரும் கொண்டுசெல்கிறார். நாடி 58. தலைச்சுற்று இல்லை. வீரருக்குரிய நாடி தமக்கு வாய்க்கவில்லையே என்பதில் மட்டும் அவருக்குச் சிறிது மனக்குறை உண்டு.