குளுக்கோமீட்டர் காட்டாத சீனி

"பிள்ளை, நான் சீனி தொடுறேல்லை. பனங்கட்டி கடிச்சுத்தான் தேத்தண்ணி குடிக்கிறனான்."

சுகாதாரம் பற்றி எழுத வடக்கில் எங்கு போனாலும் இந்தப் பதில் கிடைக்கிறது. சொல்பவர்களில் பலருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. நம்பிக்கை சும்மா வந்ததல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சீனி தட்டுப்பாடானபோது எங்கள் வீட்டிலும் குட்டானை உடைத்துத்தான் சமாளித்தோம். கைவிடாத பொருள் கெடுதல் செய்யுமென்று நினைக்க மனம் வராது.

ஆனால் கடைச் சீனியும் பனங்கட்டியும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: சுக்குரோஸ். ஒரு குளுக்கோசும் ஒரு பிரக்டோசும் இணைந்தது அது. பனங்கட்டியில் கனியுப்புகள் கொஞ்சம் கூட, அவ்வளவே. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்பது நமக்குத் தெரியும். சுண்ணாம்பு இல்லாதபோது மதுவம் சுக்குரோசை இரண்டாக உடைத்து மதுசாரமாக்குகிறது. நமது சிறுகுடலிலும் ஒரு நொதியம் அதே உடைத்தலைச் செய்கிறது. உடைந்தபின் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன.

குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். இன்சுலின் சுரக்கும், தசையும் மூளையும் அதை எரிக்கும். விரலில் குத்திப் பார்க்கும் கருவி அளப்பது இதை மட்டும்தான். பிரக்டோசின் பெரும்பகுதியைக் கையாள்வது ஈரல். அது இரத்தக் குளுக்கோசை அதிகம் உயர்த்தாது. அதனாலேயே ஒரு காலத்தில் நீரிழிவுக்காரருக்கு ஏற்ற இனிப்பு என்று அதை விற்றார்கள். அளவு மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றும். யூரிக் அமிலமும் கூடும். சாராயம் தொட்டே பார்க்காதவருக்கும் ஈரலில் கொழுப்புப் படியலாம். குளுக்கோமீட்டர் இதில் எதையும் காட்டாது.

அப்படியென்றால் பழம்? முழுப் பழத்தில் நார் உண்டு, மென்று தின்ன வேண்டும், பிரக்டோஸ் மெதுவாகவே உள்ளே போகும். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு சாப்பிடலாம். பிழிந்த சாறும் தேனும் வேறு கதை. உலக சுகாதார நிறுவனம் 2015 வழிகாட்டலில் அவற்றையும் சீனிக் கணக்கில்தான் சேர்த்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குக் குறைவாக, முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது அதன் அளவு. ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். இரண்டு கரண்டி போட்டு நாலு தரம் பிளேன்ரீ குடித்தால் 32 கிராம் ஆயிற்று.

இடம்பெயர்ந்த காலங்களில் பலருக்குக் காலைச் சாப்பாடே அந்தப் பிளேன்ரீதான். பசி அடக்கிய பழக்கம் பசி போனபிறகும் நின்றுவிட்டது. இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனியப் படைகளின் தடையால் மேற்கு நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவிலிருந்தவர்களை ஏறத்தாழ 50 வயதில் சோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2009இல் வன்னியில் கருவிலிருந்தவர்கள் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளின் கையில் தினமும் சோடாப் போத்தல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போத்தலில் நிற அடையாளம் போடும் விதிமுறை இலங்கையில் 2016இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் உள்ளதெல்லாம் மஞ்சள். 10 கிராம் உள்ள பானமும் மஞ்சள்தான். அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலில் பத்துத் தேக்கரண்டி சீனி இருக்கும். என் பார்வையில் மஞ்சளையும் சிவப்பாகவே எண்ணுவது நல்லது.

ஒரேயொரு நேரத்தில் சீனி மருந்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் குளுக்கோஸ் திடீரென இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும். உடனே தேவைப்படுவது குளுக்கோஸ். பிரக்டோஸ் அப்போது உதவாது. 15 கிராம் குளுக்கோஸ் மா, அது இல்லையென்றால் நாலு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.