கண் இருந்தது, நினைவு இல்லை!

தோழரே! 2020 ஜூன் 19 இரவு, சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டனர், இருவரும் மாண்டனர். சுவரிலே காமிரா இருந்தது. படத்தைச் சேர்த்து வைக்க இடமும் இருந்தது. ஆனால், அன்றன்றையப் படம் அன்றன்றே அழியும்படி பொறியைத் திருப்பி வைத்திருந்தனர் என்று விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் எழுதினார். காவல் நாயை இரவுதோறும் கட்டிப்போட்டவர் யார்?

அவ்வாண்டு டிசம்பர் 2-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது: நிலையந்தோறும் காமிரா வேண்டும், ஒலியும் பதிய வேண்டும், 18 மாதம், முடியாவிடில் ஓராண்டேனும், காக்க வேண்டும். அடிபட்டவர் முறையிட்டால் மனித உரிமைக் கமிஷன் படத்தை வரவழைக்கலாம்.

ஆகவே, நம் ஆளைப் பிடித்துப்போனால் வாசலிலே முழக்கமிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். போன நேரம், வந்த நேரம் குறியுங்கள். அந்நேரத்துப் படத்தை அழிக்காதிருக்க மறுநாளே மனுக் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.