வெட்டரிவாள் வாங்குவோர் கவனத்திற்கு

சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் நிலங்களில் புரட்டாசி விதைப்புக்கு முன் வரப்பிலுள்ள சீமைக் கருவேலை வெட்டி அகற்றுகின்றனர். இதற்கு அரிவாள் வாங்குவோர் பெரும்பாலும் கூரை மட்டும் தடவிப் பார்க்கின்றனர். கூர் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். ஓங்கி வெட்டும்போது அலகு கழன்று பறந்தாலோ, அருகில் நிற்பவருக்கு ஆபத்து.

எனவே, திருப்பாச்சேத்தி அரிவாளேயானாலும் முதலில் பிடியைக் கவனிக்க வேண்டும். அலகின் வால் பிடியை முழுவதும் ஊடுருவி, அடியில் மடக்கி அடிக்கப்பட்டிருப்பது நல்லது. மேலே இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆடும் பிடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் மரம் உப்பி இறுகும். காய்ந்ததும் மீண்டும் ஆடும். பிடியின் அடி சற்றுப் பருத்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது. வார்னீஷ் பளபளப்பு கடைக்காரருக்குத்தான் உதவும்.

லாரி வில்பட்டையில் அடித்த அலகு நன்கு உழைக்கும். எனினும் கொல்லர் தோய்த்த பதத்தை அறிய, கூர் விளிம்பில் அரத்தை உராய்ந்து பார்க்கலாம். அரம் வழுக்கி ஓடினால் அலகு மிகக் கடினம். கருவேல வைரத்தில் பட்டதும் விளிம்பு பொரிந்துவிடும். எளிதாக அராவ முடிந்தால் விளிம்பு மடங்கும். சற்றுச் சிரமப்பட்டு அராவுவதே சரியான பதம். நுனி உட்புறம் வளைந்திருந்தால் முள்கிளையைக் கையால் தொடாமலே இழுத்துப் போடலாம்.